சிரிப்புத் துணுக்கும் சமையல் குறிப்பும்: பழைய சிற்றூர்ப் பத்திரிகைகளை எப்படி வாசிப்பது?



சென்ற ஆண்டு படிவம் 4 மாணவர்களிடம் ஒரு சின்ன வேலை கொடுத்தேன். 'எங்கள் வீடு' என்ற தலைப்பில், படிப்பவர் சிரிக்கும்படி ஒரு பத்தி எழுத வேண்டும். அவ்வளவுதான். மறுநாள் தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். பாதிக்கு மேல் அம்மாவின் சமையலைக் கிண்டல் செய்த பத்திகள். அம்மா சுட்ட தோசையை வீசினால் சுவர் உடையும், அம்மா வைத்த ரசத்தில் மீன் நீந்தும், இப்படியே போனது. ஒரு மாணவன் மட்டும் சிரிக்க வைக்க முயலவே இல்லை. "அப்பா லாரி ஓட்டுகிறார். அக்கா வங்கியில் வேலை செய்கிறார். அம்மா வீட்டில் சும்மா இருக்கிறார்" என்று மூன்றே வாக்கியத்தில் முடித்துவிட்டான்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். எழுத்துப் பிழை இல்லை. ஒற்றுப் பிழையும் இல்லை. இருந்தாலும் 'சும்மா' என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். பக்கத்தில் என்ன குறிப்பு எழுதுவது என்றுதான் தெரியவில்லை. அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில், வகுப்புக்கு ஏதாவது கிடைக்குமா என்று பழைய பத்திரிகைகளைத் தேடிப் படித்தேன். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அந்நாட்டின் பழைய செய்தித்தாள்களை மின்னிலக்கமாக்கி, 'குரோனிக்ளிங் அமெரிக்கா' என்ற பெயரில் யாரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்திருக்கிறது. பெருநகர நாளிதழ்கள் மட்டுமல்ல, சில ஆயிரம் பேரே வாழ்ந்த சிற்றூர்களின் வார இதழ்களும் அங்கே உண்டு. அவற்றைப் புரட்டினால், அட, நம்ம பசங்க எழுதிய அதே தோசை! தோசைக்குப் பதில் ரொட்டி, அம்மாவுக்குப் பதில் புதுமணப்பெண். கிண்டல் மட்டும் அதே கிண்டல். அதற்குக் கீழேயே இரும்புக் கறையைப் போக்கும் வழியும் பழ ஜாம் செய்யும் முறையும் இருந்தன.

சிரிப்பும் வீட்டு வேலையும் ஏன் ஒரே பக்கத்தில் வந்தன? அந்தச் சிரிப்பு யாருடையது? இந்த இரண்டு கேள்விகளும் நம் கருத்துணர்தல் பாடத்துக்கும் கட்டுரை எழுத்துக்கும் நேராக உதவுகின்றன. அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

இடம் நிரப்ப வந்த சிரிப்பு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்கச் சிற்றூர்ப் பத்திரிகையை ஒரு பெரிய அலுவலகமாகக் கற்பனை செய்யாதீர்கள். பெரும்பாலும் நான்கு பக்க வார இதழ். ஆசிரியர், அச்சுக்காரர், விளம்பரம் வாங்குபவர், சந்தா வசூலிப்பவர் எல்லாமே பல ஊர்களில் ஒருவர்தான். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து அச்சடிக்க வேண்டும். கோத்து முடித்த பிறகு பக்கத்தின் அடியில் நான்கு விரல் இடம் மிச்சம் இருந்தால் என்ன செய்வது? வெற்றாக விட முடியாது. அதற்கென்றே கோத்துத் தயாராக வைத்திருந்த துணுக்கு ஒன்றை எடுத்துச் சொருகுவார்கள்.

இந்த வேலைக்குச் சிரிப்புத் துணுக்கும் வீட்டுக் குறிப்பும்தான் பொருத்தம். காரணம் எளிது. தேர்தல் செய்தி ஒரு வாரத்தில் பழசாகிவிடும். ரொட்டி கருகாமல் சுடும் வழி பழசாகாது. கணவன் மனைவி சண்டைத் துணுக்கும் பழசாகாது. இந்த மாதம் கோத்ததை அடுத்த மாதமும் போடலாம்.

சரி, இத்தனை துணுக்குகள் எங்கிருந்து வந்தன? இரண்டு வழிகள்.

முதலாவது, பத்திரிகைப் பரிமாற்றம். 1792-ஆம் ஆண்டு அமெரிக்க அஞ்சல் சட்டம், பத்திரிகை நடத்துபவர்கள் தங்கள் இதழ்களை ஒருவருக்கொருவர் அஞ்சல் கட்டணம் இல்லாமல் அனுப்பிக்கொள்ள இடம் தந்தது. அதனால் ஓர் ஊர் ஆசிரியரின் மேசையில் பல ஊர்ப் பத்திரிகைகள் குவியும். கத்தரிக்கோலை எடுத்து நல்லதை வெட்டித் தன் இதழில் போட்டுக்கொள்வார். இன்று நாம் வாட்ஸ்அப்பில் செய்திகளைத் தட்டிவிடுகிறோமே, அதைப் போலத்தான். ஒரு மூலையில் பிறந்த நகைச்சுவை சில மாதங்களில் நாட்டின் மறுமூலையில் வாசிக்கப்படும்.

இரண்டாவது, பாதி அச்சான தாள். 1861-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் பாராபூ என்ற சிற்றூரில் பத்திரிகை நடத்திய ஆன்செல் கெலாக் என்பவருக்கு ஒரு சிக்கல். உள்நாட்டுப் போர் தொடங்கி, அச்சகத்தில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. மேடிசன் நகரிலிருந்த பெரிய பத்திரிகை அலுவலகத்தில் ஒரு பாதியை அச்சடித்து வாங்கி, மறுபாதியில் உள்ளூர்ச் செய்திகளை அவரே அச்சடித்துக்கொண்டார். அந்த ஏற்பாடு பிறகு ஒரு பெரிய தொழிலாகவே வளர்ந்தது. தொடர்கதை, சமையல் குறிப்பு, சிரிப்புத் துணுக்கு எல்லாம் அச்சாகி வந்துவிடும். ஊர்ச் செய்தியை மட்டும் உள்ளூரில் சேர்த்தால் போதும். இந்தத் துறையில் பெரிய நிறுவனமாக விளங்கிய வெஸ்டர்ன் நியூஸ்பேப்பர் யூனியன், பாதி அச்சான தாள்களை விற்பதை 1952-இல்தான் நிறுத்தியது.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒரு சிற்றூர்ப் பத்திரிகையில் ஒரு துணுக்கு வந்தது என்பதாலேயே அது அந்த ஊரில் எழுதப்பட்டது என்று முடிவு கட்டக்கூடாது. ஒரே கிண்டல் பல ஊர்களில் தோன்றுவதால் எல்லா ஊரிலும் அதுவே உண்மை என்றும் ஆகிவிடாது. அது நன்றாகப் பயணம் செய்த கிண்டல், அவ்வளவுதான்.

டான்பரி ஊர்க்காரர்

சிரிப்பால் ஊரையே புகழ்பெறச் செய்த ஒருவரைப் பார்ப்போம். ஜேம்ஸ் மாண்ட்கோமரி பெய்லி. கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரியில், 1870-இல் உருவான 'டான்பரி நியூஸ்' பத்திரிகையின் ஆசிரியர். உள்நாட்டுப் போரில் சிப்பாயாக இருந்தவர். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது போர்க்களமல்ல, வீட்டுக் கூடம். அன்றாட வீட்டு வாழ்க்கையில் நடக்கும் சின்னச் சின்ன அசம்பாவிதங்களைச் சிரிக்கச் சிரிக்க எழுதினார். மற்ற ஊர்ப் பத்திரிகைகள் வெட்டி வெட்டிப் போட்டன. 'டான்பரி நியூஸ்காரர்' என்றே நாடு முழுக்க அறியப்பட்டார். 1873-இல் அந்த எழுத்துகள் 'லைஃப் இன் டான்பரி' என்ற நூலாக வந்தன.

அந்தத் தலைமுறைப் பத்திரிகை நகைச்சுவைக்கு அலுக்காத சில பொருள்கள் இருந்தன. ஒன்று அடுப்புப் புகைக்குழாய். குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் இரும்பு அடுப்பின் குழாயை வசந்த காலத்தில் கழற்றி, இலையுதிர் காலத்தில் மறுபடி மாட்டுவார்கள். துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தாது. மாட்டுபவர் தலையில் கரி கொட்டும். இன்னொன்று தரைவிரிப்பு. ஆணி அடித்துப் பொருத்திய விரிப்பை ஆண்டுக்கொரு முறை பிடுங்கி, துணி காயப்போடும் கயிற்றில் தொங்கவிட்டு, தூசி போக அடிப்பார்கள். நம் வீடுகளில் தீபாவளிக்கு முன் ஒட்டடை அடிக்கும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். யார் யாரைத் திட்டுவார்கள், யார் "கடைக்குப் போயிட்டு வரேன்" என்று நழுவுவார்கள் என்று நமக்குத் தெரியாதா என்ன!

இவ்வகை எழுத்தில் அடிபடுவது பெரும்பாலும் கணவன்தான். கரி கொட்டுவது அவன் தலையில், விரலில் சுத்தியல் விழுவது அவனுக்கு. வாசிக்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் இன்னொரு முறை வாசியுங்கள். கணவன் ஆண்டுக்கொரு நாள் குழாய் மாட்டியது ஒரு கதை. மற்ற நாள்களில் அந்த அடுப்பை எரியவைத்து, சாம்பல் அள்ளி, அதில் சமைத்தவள் அந்தக் கதையில் ஏணிக்குக் கீழே நின்று யோசனை சொல்லும் ஆளாக மட்டும் வருகிறாள்.

மனைவியே கிண்டலுக்கு ஆளாகும் துணுக்குகள் தனி வகை. அச்சு ஒன்றுதான்: புதுமணப்பெண், முதல் சமையல், கல்லான ரொட்டி. அந்த அச்சில் நானே ஒன்று செய்து பார்த்தேன்:

புதுமனைவி: இந்த ரொட்டி செய்முறையைப் பத்திரிகையிலிருந்து வெட்டி எடுத்தேனுங்க.
கணவன்: அந்தக் கத்தரிக்கோலைக் கொஞ்சம் கொடு. ரொட்டியையும் வெட்டிப் பார்க்கிறேன்.

வகுப்பில் சொன்னபோது நல்ல சிரிப்பு. பின்வரிசையில் ஒரு மாணவி மட்டும், "டீச்சர், அவளுக்கு யாரு சமைக்கச் சொல்லிக் கொடுத்தாங்க?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கான பதில் அதே பக்கத்தில், துணுக்குக்குக் கீழே இருக்கிறது.

சமையல் குறிப்பில் ஒளிந்திருக்கும் வேலை

அக்காலச் சமையல் குறிப்புகளைப் படித்தால் நமக்குத் தலை சுற்றும். 'முட்டை அளவு வெண்ணெய்', 'கெட்டியாகும் வரை மாவு', 'சூடான அடுப்பில் வேகும் வரை' என்று இருக்கும். எத்தனை கிராம்? எத்தனை பாகை? ஒன்றும் இருக்காது. எழுதியவர் கவனக்குறைவாக எழுதவில்லை. விறகோ நிலக்கரியோ எரிக்கும் அடுப்பில் வெப்பமானி கிடையாது. கையை உள்ளே நீட்டி, எத்தனை எண்ணும் வரை தாங்க முடிகிறது என்று பார்த்தே சூட்டைக் கணித்தார்கள். மட்டம் தட்டி அளக்கும் கிண்ணக் கணக்கைப் பரவலாக்கியதில் ஃபேனி ஃபார்மரின் சமையல் நூலுக்குப் பெரிய பங்கு உண்டு. அது வெளிவந்தது 1896-இல். அதற்கு முன் அந்த அறிவெல்லாம் கையிலும் கண்ணிலும் இருந்தது. "உப்பு எவ்வளவு பாட்டி?" என்று கேட்டால், "கண்ணளவுதான்" என்று சொல்லும் நம் பாட்டிமாரை நினைத்துப் பாருங்கள். அதே கதைதான்.

இப்போது அந்தப் புதுமணப்பெண்ணிடம் திரும்புவோம். அவளுக்குப் பத்திரிகை தந்தது அளவில்லாத ஒரு குறிப்பு. அடுப்போ சூடு தெரியாத அடுப்பு. ரொட்டி கல்லானதில் வியப்பென்ன? துணுக்கு அவளைப் பேதையாகக் காட்டுகிறது. அடியில் உள்ள குறிப்போ, அந்த வேலை எவ்வளவு கடினம் என்று தன்னை அறியாமலே சொல்லிவிடுகிறது.

வாரத்தின் நாள்களும் அப்படியே. திங்கள் துவைக்கும் நாள், செவ்வாய் இஸ்திரி போடும் நாள் என்பது பல வீடுகளின் வழக்கம். திங்கட்கிழமை ஆறிய சாப்பாடு கிடைக்கிறதே என்று கணவன் முகம் சுளிப்பது ஒரு நகைச்சுவை. தண்ணீர் இறைத்து, காய்ச்சி, பலகையில் தேய்த்து, பிழிந்து, காயப்போட்டால் ஒரு பகல் முழுவதும் போய்விடும் என்பது அந்த நகைச்சுவைக்குப் பின்னால் இருந்த வாழ்க்கை.

தொல்காப்பியர் தரும் அளவுகோல்

இதை ஆராய நம் கையிலேயே ஒரு கருவி இருக்கிறது. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை தோன்றும் இடங்கள் நான்கு என்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். எள்ளல் என்பது இகழ்ந்து சிரிப்பது. இளமை, பிள்ளைத்தனத்தால் வருவது. பேதைமை, அறியாமையால் வருவது. மடன், சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு விடாமல் இருப்பதால் வருவது.

மேலே சொன்ன துணுக்குகளை இந்த நான்கில் பொருத்திப் பாருங்கள். குழாய் மாட்டத் தெரியாமல் தெரிந்ததுபோல் நடிக்கும் கணவன், பேதைமை. குறிப்பில் உள்ளதை எழுத்துப் பிசகாமல் செய்து ரொட்டியைக் கல்லாக்கும் மனைவி, மடன். அவளைப் பார்த்து அவன் சொல்லும் பதில், எள்ளல்.

பழைய உரைகாரர்கள் எள்ளலை இன்னும் நுட்பமாகப் பார்க்கிறார்கள். நாம் பிறரை எள்ளிச் சிரிப்பதும் உண்டு. பிறர் நம்மை எள்ளும்போது நாமே சிரிப்பதும் உண்டு. இந்த இரண்டாவது சிரிப்பு பழைய துணுக்குகளில் புதுமணப்பெண்ணுக்குக் கிடைக்கவே இல்லை. துணுக்கு எப்போதும் கணவனின் பதிலோடு முடிந்துவிடும். அவள் திரும்பச் சிரித்தாளா என்று யாரும் எழுதவில்லை.

பேனா கை மாறியபோது

அவளே எழுத உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? 1964-இல் ஒஹாயோ மாநிலத்தில் அது நடந்தது.

எர்மா பாம்பெக் 1927-இல் பிறந்தவர். ஒன்பது வயதில் தந்தையை இழந்தவர். பதினைந்து வயதில் டேட்டன் நகரப் பத்திரிகை அலுவலகத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்று, பத்திரிகையாளராக வேலை செய்து, பிள்ளைகள் வந்ததும் வேலையை விட்டவர். மூன்று பிள்ளைகள். வெளியிலிருந்து பார்த்தால், என் மாணவன் சொன்னதுபோல, 'வீட்டில் சும்மா' இருந்தவர்.

கடைசிப் பிள்ளையும் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு, 'கெட்டரிங்–ஓக்வுட் டைம்ஸ்' என்ற உள்ளூர் வார இதழில் எழுத வாய்ப்புக் கேட்டார். ஒரு பத்திக்கு மூன்று டாலர் கூலி. பொருள் என்ன தெரியுமா? துணி துவைப்பது, பிள்ளைகளின் மதிய உணவு, அழுக்குப் பாத்திரம், குப்பை. அப்போது அவருக்கு வயது 37. அடுத்த ஆண்டு 'டேட்டன் ஜர்னல் ஹெரால்ட்' வாரத்துக்கு இரண்டு பத்திகள் கேட்டது. ஒவ்வொன்றும் 450 சொல். மூன்றே வாரத்தில் அந்தப் பத்திகள் ஒரு விநியோக நிறுவனம் வழியாக நாடு முழுதும் போகத் தொடங்கின. 'அட் விட்ஸ் எண்ட்' என்பது தலைப்பு. 'இனி என்ன செய்றதுன்னே தெரியல' என்று நாம் தலையில் கைவைத்துச் சொல்வோமே, அதுதான் பொருள். பின்னாளில் அது சுமார் 900 பத்திரிகைகளில் வந்தது. 1996-இல் அவர் இறக்கும்போது நாலாயிரத்துக்கு மேற்பட்ட பத்திகளும் பதினைந்து நூல்களும் எழுதியிருந்தார்.

டான்பரி காலத்துக்கும் இதற்கும் இடையே ஏறக்குறைய நூறு ஆண்டுகள். வீடு அதே வீடு, அடுப்படி அதே அடுப்படி. ஆனால் சிரிப்பு வேறு திசையிலிருந்து வருகிறது. பாம்பெக் தன் சோம்பலை, தன் தோல்வியை, தன் பொறுமையிழப்பைத் தானே கிண்டல் செய்கிறார். படிக்கும் இல்லத்தரசி, "அப்பாடா, என் வீடு மட்டும் இப்படி இல்லை" என்று மூச்சு விடுகிறாள். குற்றம் அவளிடமில்லை, 'மாசு மருவில்லாத வீடு, எப்போதும் சிரித்த முகம்' என்று விளம்பரங்களும் மகளிர் இதழ்களும் கேட்ட கணக்குதான் நடக்காத கணக்கு என்று சிரிப்போடு புரிகிறது.

லேசான நகைச்சுவை எழுதுபவர் லேசான மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆண், பெண் சம உரிமையை அரசியலமைப்பில் சேர்க்கும் திருத்தத்துக்காக, 1970-களின் இறுதியில் பாம்பெக் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். போதுமான மாநிலங்களின் ஒப்புதல் கிடைக்காமல் 1982-இல் அந்த முயற்சி தோற்றது. அவரோ எழுதிக்கொண்டேதான் இருந்தார்.

கருத்துணர்தலுக்கு மூன்று கேள்விகள்

தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களே, நகைச்சுவைப் பனுவல் வந்தால் பலர் கதையை மட்டும் சுருக்கி எழுதிவிட்டு, தொனியையும் நோக்கத்தையும் கேட்கும் கேள்வியில் தடுமாறுகிறார்கள். இந்த மூன்றையும் கேட்டுப் பழகுங்கள்.

1. சொல்பவர் யார்? கணவனா, மனைவியா, பக்கத்து வீட்டுக்காரரா? அவர் அந்த வேலையைச் செய்பவரா, வேடிக்கை பார்ப்பவரா?

2. சிரிப்பு யார் மேல் விழுகிறது? தன் மேலா, பிறர் மேலா, ஒரு வழக்கத்தின் மேலா? தன் மேல் விழுந்தால் தொனியில் நட்பு இருக்கும். வழக்கத்தின் மேல் விழுந்தால் அது பெரும்பாலும் அங்கதம். "ஆசிரியர் கிண்டல் செய்கிறார்" என்று மட்டும் எழுதாமல், எதை என்று சேர்த்து எழுதுங்கள்.

3. சொல்லாமல் விட்ட வேலை எது? ரொட்டிக் கிண்டலில் அடுப்பு சொல்லப்படவில்லை. திங்கட்கிழமைக் கிண்டலில் துவைக்கும் தொட்டி சொல்லப்படவில்லை. வெளிப்படையாக இல்லாததை ஊகித்து எழுதும் கேள்விகளுக்கு இந்த மூன்றாவது கேள்விதான் கைகொடுக்கும்.

எழுதும்போது

நகைச்சுவையாக எழுத ஆசைப்படுபவர்களுக்கு இந்தப் பழைய பத்திகளிலிருந்து நான் எடுத்துக்கொண்ட சில உத்திகள்:

சின்னப் பொருளை எடுங்கள். 'குடும்ப வாழ்க்கை' வேண்டாம். காணாமல் போன ஒற்றைக் காலுறை போதும்.

எண்ணும் நேரமும் சேருங்கள். "அம்மா சீக்கிரம் எழுவார்" என்பதைவிட "அம்மா ஐந்து மணிக்கு எழுவார்" என்பதில் உயிர் இருக்கிறது.

முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். "ஹா ஹா, மிகவும் வேடிக்கையாக இருந்தது" என்று எழுதினால் படிப்பவருக்குச் சிரிப்பு வராது. பெரிய விஷயத்தைச் சொல்லும் குரலில் சின்ன விஷயத்தைச் சொல்லுங்கள்.

பேச்சுவழக்கை உரையாடலில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூற்று வாக்கியம் எழுத்து நடையில் இருக்கட்டும். தேர்வில் இது முக்கியம்.

கடைசியாக, பாம்பெக்கின் 450 சொல்லை நினைவில் வையுங்கள். அந்த அளவுக்குள் வாரத்துக்கு இரண்டு முறை எழுதியவர் அவர். சொல்லைக் குறைக்கக் குறைக்கத்தான் சிரிப்பு கூர்மையாகும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை

பழைய பத்திரிகைகளை வகுப்புக்குக் கொண்டு போகும் முன் முழுப் பக்கத்தையும் நீங்கள் படித்துவிடுங்கள். அக்கால நகைச்சுவையில் அயர்லாந்திலிருந்து வந்த வேலைக்காரப் பெண்களையும் கறுப்பினச் சமையற்காரர்களையும் மட்டம் தட்டும் துணுக்குகள் நிறைய உண்டு. அடுத்தவர் அடுப்படியில் உழைத்த அந்தப் பெண்களுக்குப் பத்தி எழுதும் வாய்ப்புப் பெரும்பாலும் கிடைக்கவில்லை. அவற்றை மாணவர்களிடம் காட்டுவதா வேண்டாமா என்பது வகுப்பின் வயதைப் பொறுத்தது. காட்டினால், மேலே சொன்ன மூன்று கேள்விகளோடு காட்டுங்கள்.

தமிழ்ப் பத்திரிகைகளிலும் இதே பயிற்சியைச் செய்யலாம். 1935-இல் தொடங்கிய 'தமிழ் முரசு' இதழின் பழைய பிரதிகள் சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்கத் தொகுப்பில் உள்ளன. ஒரு குழுவுக்கு ஒரு பக்கம் கொடுத்து, செய்தியை விட்டுவிட்டு விளம்பரம், துணுக்கு, குறிப்பு ஆகியவற்றை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். 'இந்தப் பக்கத்தை வைத்து அன்றைய ஒரு வீட்டின் ஒரு நாளை விவரி' என்பது நல்ல கட்டுரைத் தலைப்பு. பத்திரிகையில் இல்லாததை வீட்டில் பாட்டியிடம் கேட்டு வரச் சொல்லலாம். என் வகுப்பில் ஒருத்தி, தன் பாட்டி விடியற்காலையில் பால்மரம் சீவப் போகும் முன்பே அரிசி களைந்து வைத்துவிட்டுப் போன கதையைக் கேட்டு வந்தாள். அது எந்தப் பத்திரிகையிலும் வராத குறிப்பு.

இரண்டு வாரப் பாடத்துக்குப் பிறகு அதே தலைப்பை மறுபடி கொடுத்தேன். தோசைக் கிண்டல்கள் முழுசாக ஒழிந்துவிடவில்லை. பசங்க பசங்கதானே! ஆனால் அந்த மூன்று வாக்கிய மாணவன் இம்முறை ஒரு பத்தி எழுதியிருந்தான். அவன் அனுமதியோடு இங்கே தருகிறேன்:

"எங்கள் அம்மா வீட்டில் சும்மா இருக்கிறார். காலை ஐந்து மணிக்கு எழுந்து சும்மா மூன்று டப்பா சோறு கட்டுவார். அப்பா லாரிச் சாவியைக் காணோம் என்று கத்தும்போது சும்மா போய் எடுத்துக் கொடுப்பார். பிறகு சும்மா துணி துவைப்பார், சும்மா காயப்போடுவார், மழை வந்தால் சும்மா ஓடுவார். போன மாதம் அவருக்கு மூன்று நாள் காய்ச்சல். அந்த மூன்று நாளும் நாங்கள் நால்வரும் சேர்ந்து 'சும்மா' இருக்க முயன்றோம். முடியவில்லை."

வீட்டில் ஐந்து பேர், டப்பா மூன்றுதானா என்று கேட்டேன். "அக்கா கடையில சாப்பிடுவாங்க டீச்சர். அம்மா தனக்குக் கட்டிக்க மாட்டாங்க" என்றான். இந்த முறையும் 'சும்மா' என்ற சொல்லைச் சுற்றி வட்டம் போட்டேன். பக்கத்தில் என்ன எழுதுவது என்று தெரிந்தது. 'மிக நன்று' என்று எழுதி, அம்மாவிடம் படித்துக் காட்டும்படி அனுப்பி வைத்தேன்.